‘வீட்டில்’ என்றால் கூரை இல்லை

பழைய கடிதத்துக்கு அடிக்குறிப்பு போட்டால் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

மறைந்த தாம்பரத்து எழுத்தாளர் எண்பத்தேழில் எனக்கு எழுதிய கடிதத்தை (ஊரில் வேறு யாருக்கு மனம் திறந்து எழுதுவார்?) அவர் மகள் போடும் தொகுப்புக்குக் கொடுத்திருந்தேன். “வீட்டில் ஒரு மாதமாகச் சரியில்லை” என்று எழுதியிருந்தார்.

இன்று ஊரப்பாக்கத்தில் அவள் வீட்டில் புரூஃப் பார்க்கிறேன். எதிரே உட்கார்ந்திருக்கும் பதிப்பாசிரியர் அந்த வரிக்கு அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்: கூரை ஒழுகியது.

“இன்னா சார், வீட்டில்னா பொண்டாட்டி. அந்தக் காலத்துல பேரை எழுத மாட்டாங்க.”

“மழைக்காலம்னு நினைச்சேன் சார்.”

மகள் மெதுவாகக் கேட்டாள். “எந்த லெட்டர்லயும் அம்மா பேரே இல்லை அங்கிள். எங்கயுமே எழுதலையா?”

“என்கிட்ட இன்னொரு லெட்டர் இருந்துச்சும்மா. ‘தனம் தேறி வருகிறாள்’னு எழுதியிருந்தார். கரையான் அரிச்சுடுச்சு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரியை முன்னுரையில் சேர்த்தாள்.

உங்கள் அப்பா எந்தக் கடிதத்திலாவது அம்மா பெயரை எழுதியிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். கரையான் அரித்தது நிஜம். அந்த வரி மட்டும் நான் எழுதியது.