டீச்சர் நோட்டில் பதினோரு பேர்

போன திங்கட்கிழமை பாளையங்கோட்டை போஸ்டாபீஸ் வாசலில் ஒரு பள்ளிக்கூட மானேஜர் ஐயா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உம்ம எழுத்து ரொம்பப் பிரயோசனமா இருந்துச்சு வே."

வாரா வாரம் எழுதிக் கிழிக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பல்லெல்லாம் தெரிய நின்றேன். எதற்குப் பிரயோசனம் என்று கேட்டிருக்க வேண்டாமோ... கேட்கவில்லை. புகழ்ந்தால் காது அடைத்துப்போகிற ஆள் நான்.

இரண்டு மாதம் முன்பு இதே பக்கத்தில் அன்னபாக்கியம் டீச்சரைப் பற்றி எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? அந்த ஐயாவின் போர்டிங் பள்ளிக்கூடத்தில்தான் இரண்டாம் வகுப்பு எடுக்கிறார். பாடத்தில் மனம் நிற்காத பிள்ளைகளைப் பிரம்பால் விளாசாமல், ஒரு நோட்டுப் போட்டு எழுதி வந்தார். எந்தப் பிள்ளை எப்போது எழுந்தது, அதற்கு முந்தின நிமிஷம் என்ன நடந்தது, காலையில் சாப்பிட்டதா, அழுததா — எல்லாம். இரண்டு வருஷ உழைப்பு.

அதில் ஒருத்தி செல்லத்தாய். எட்டு வயது, சீவலப்பேரிக்காரி. தாய் காலராவில் போய்விட்டாள். தகப்பன், "வண்டி கொண்டுவந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி போர்டிங்கில் விட்டவன், கொழும்புக்குக் கப்பலேறிவிட்டான். பாடம் நடக்கும்போதே இவள் ஜன்னலுக்கு ஓடுவாள். பேய் என்றார்கள்; திமிர் என்றார்கள். டீச்சர்தான் எழுதி எழுதிக் கண்டுபிடித்தார் — ரோட்டில் மாட்டுவண்டிச் சத்தம் கேட்கும்போது மட்டும்தான் ஓடுகிறாள்.

"கவனம் இல்லாத பிள்ளை இல்ல அண்ணாச்சி. அவ கவனம் பூராவும் ரோட்டுல இருக்கு," என்றார் என்னிடம்.

அவளைத் தன் முழங்காலோடு ஒட்டி உட்காரவைத்தார். வண்டி வந்தால் தானே எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கப்பா இல்ல தாயி" என்பார். ஒரு மாதத்தில் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்தது. நானே போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேனா? டீச்சர் நோட்டில் இப்படிப் பதினோரு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மெச்சி மெச்சி எழுதினேன்.

அங்கேதான் வினை.

நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியாததா? பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் துரை வருகிற வாரத்தில் அடங்காத பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். துரை பார்க்கும்போது கிளாஸ் கொலு பொம்மை மாதிரி இருக்க வேண்டுமே. யாரை அனுப்புவது என்று முன்பெல்லாம் மானேஜர் ஐயா குத்துமதிப்பாக முடிவு செய்வார். இந்தத் தடவை அந்தச் சிரமம் இல்லை. என் எழுத்தை வாசித்தார், நோட்டைக் கேட்டு வாங்கினார், அதிலிருந்த பதினோரு பேரையும் அனுப்பிவிட்டார்.

"நீங்களே எழுதியிருக்கீங்கள்லா, ஒரு மணி நேரத்துல ஆறு தடவ எந்திரிச்சான்னு," என்றாராம் டீச்சரிடம்.

இதுதான் அந்தப் பிரயோசனம். திங்கட்கிழமை சாயங்காலம் டீச்சர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆத்திரமாக வந்தது. மானேஜர் ஐயா மேலா, என் மேலா? இரண்டு பேர் மேலும்தான்.

துரை திருப்தியோடு போனார். மறுநாளே பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கொண்டுவந்து விட்டார்கள். செல்லத்தாயைக் கொண்டுவந்து விட யார் இருக்கிறார்கள்? ஊரில் அவளுக்கு இருப்பது ஓர் அத்தைக்காரிதான்; அந்த வீட்டில் இப்போது வேலைக்கு வைத்துக்கொண்டாயிற்று. ஊருக்கு அனுப்பிய அன்று வாசலில் வண்டி வந்து நின்றதும், அப்பாதான் என்று நினைத்து அவள்தான் முதலில் ஓடி ஏறினாளாம்.

அதே வாரம் சனிக்கிழமை டீச்சர் சீவலப்பேரிக்கே போய்க் கேட்டிருக்கிறார். படிப்பு ஏறாது என்று பள்ளிக்கூடமே தள்ளின பிள்ளையை எதற்கு அனுப்ப வேண்டும் என்று அத்தை மறுத்துவிட்டாள்.

"பிள்ளை எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"வீட்டு முத்தத்துல ஒரே இடத்துல உக்காந்திருக்கா அண்ணாச்சி. தெருவுல வண்டி போச்சு, தல தூக்கிப் பாக்கல. பேரு சொல்லிக் கூப்பிட்டேன், அதுக்கும் திரும்ப மாட்டேங்கா."

மானேஜர் ஐயா, இதையும் நீங்கள் வாசிப்பீர்கள். இனி அவளைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம் — அசையவே மாட்டாள்.