மகள் வகுப்பெடுக்க, தப்பு பண்ண நான்: வேலூர் பக்கம் நாலு ஊர்ப் பயணம்

என் மகள் புனிதா எண்பதுகளின் கடைசியில் இந்தோனேசியா போனவள். அங்கே தீவு தீவாகச் சுற்றி, அந்த ஊர் இங்கிலீஷ் வாத்தியார்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்துவிட்டு வந்தாள். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதுங்கள் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எழுதலாம். ஆனால் நான் போனது மீனம்பாக்கம் வரைக்கும்தான். விமானம் ஏறியதும் பஸ் பிடித்து வேலூர் வந்துவிட்டேன்.

ஆனால் அதற்கு முன்னால், எண்பத்து நாலாம் வருஷம் மே மாதம், அவள் முதன்முதலாக வாத்தியார்களுக்கு வகுப்பெடுக்கக் கிளம்பியபோது கூடப் போனவன் நான்தான். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, சோளிங்கர் என்று நாலு ஊர். போன வாரம் ராணிப்பேட்டை நண்பர் ஒருவர், "என் பொண்ணுக்கும் இந்த மாதிரி ட்யூட்டி போட்டிருக்காங்க, கூடப் போறதா வேணாமா?" என்று கேட்டிருந்தார். அவருக்காகத்தான் இது.

முதலில் என்னைப் பற்றி. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். படித்தேன் என்றுதான் எழுதியிருக்கிறேன், பாஸ் செய்தேன் என்று எழுதவில்லை. இரண்டு முறை இங்கிலீஷ் என்னைத் தள்ளிவிட்டது. மூன்றாம் முறை நான் அதைத் தள்ளிவிட்டு மேல்விஷாரத்தில் ஒரு தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். பெரிய மரப்பீப்பாய் மாதிரி இருக்கும், அதற்கு டிரம் என்று பேர், உள்ளே தோலும் மருந்தும் சுற்றும். அதைப் பார்த்துக்கொள்கிறவன் நான். இப்படிப்பட்டவன் வீட்டில் இங்கிலீஷில் எம்.ஏ. படித்த பெண் எப்படிப் பிறந்தாள் என்று ஷாப்பில் கேட்பார்கள். எனக்கும் அதே சந்தேகம் உண்டு.

புனிதாவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் தற்காலிக வேலை. இந்த நாலு ஊர் வகுப்பை நன்றாக முடித்தால் வேலை நிரந்தரம். என் வீட்டுக்காரி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "நீயும் கூடப் போ. இங்கிலீஷுக்கு ஆவ மாட்ட, பெட்டி தூக்கவாவது ஆவ." பெட்டி என்றது டேப் ரிக்கார்டரை. ஏழெட்டு கிலோ இருக்கும்.

முதல் ஊர் குடியாத்தம். வேலூரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர், அப்போது பஸ்ஸுக்கு இரண்டே முக்கால் ரூபாய். காலை ஆறரை பஸ்ஸில் ஏறினால் எட்டு மணிக்குள் இறங்கி, நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகலாம். எங்களுக்குக் கொடுத்த பள்ளிக்கூடத்தை ஒட்டி நெசவாளர் தெரு. லுங்கி நெய்கிற பவர்லூம் வரிசையாக இருந்தது. புனிதா டேப்பைப் போட்டாள். அதில் ஒரு வெள்ளைக்கார அம்மா லண்டனிலிருந்து பேசினார், தறி குடியாத்தத்திலிருந்து பதில் சொன்னது. வாத்தியார்கள் இரண்டையும் மரியாதையாகக் கேட்டார்கள். "இப்ப ரெண்டு ரெண்டு பேரா பேசிப் பாருங்க" என்று புனிதா சொன்னபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. லீவு நாளில் கூப்பிட்ட கோபம் வேறு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன முப்பது பேரில் திரும்பி வந்தவர்கள் ஒன்பது பேர். மற்றவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் கல்யாணம் வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

சாயங்காலம் தலைமையாசிரியர் அறைக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. ஆம்பூரிலும் மத்தியானம் கூட்டம் கலைந்தால், மீதி இரண்டு ஊருக்கு வயதில் பெரியவர் ஒருவரை அனுப்பிவிடுவார்களாம். புனிதா "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில், பள்ளிகொண்டா தாண்டியதும் புனிதா ஆரம்பித்தாள்.

"அவங்களுக்குத் தெரியாம இல்ல நைனா. தப்பா பேசிட்டா பக்கத்துல இருக்கறவங்க சிரிப்பாங்களோன்னு பயம்."

"அது நம்ம வீட்டு வியாதியாச்சே."

"ஒருத்தர் கூச்சமில்லாம தப்பு பண்ணா போதும். மத்தவங்க வாய் தொறந்துடும்."

"தப்பு பண்றதுக்கா ஆள் இல்ல?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது.

"ஐயோ, வேணாம்மா. உன் மானம் போய்டும்" என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆம்பூர். ஐம்பது கிலோமீட்டர், நாலு ரூபாய், ஒன்றே கால் மணி நேரம். ஊர் நெருங்குவதை மூக்கே சொல்லிவிடும், அங்கேயும் தோல் ஷாப்புகள்தான். புதிதாக வருகிறவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். எனக்கு அது சம்பள வாசனை. ஆனால் ஆம்பூரில் வேறொரு வாசனையும் உண்டு. பதினோரு மணிக்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைகளில் பிரியாணி அண்டாவுக்குத் தம் போட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடக் கேட்டுக்குள் நுழையும்போதே நான் கணக்குப் போட்டேன். அந்தப் பிரியாணியைத் தின்றுவிட்டு எந்த வாத்தியார் மே மாத வெயிலில் மறுபடி வகுப்புக்கு வருவார்?

அங்கே தனகோட்டி சார் என்று ஒருவர். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவர் எழுந்தால் மற்றவர்கள் எழுவார்கள், அவர் உட்கார்ந்தால் உட்காருவார்கள். பசங்களைப் பேசவைத்தே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கலாம் என்று புனிதா பேசி முடித்ததும் எழுந்தார்.

"அம்மா, நல்லாத்தான் சொல்றீங்க. என் கிளாஸ்ல எழுவது பசங்க. இங்க உட்கார்ந்திருக்கறதெல்லாம் வாத்தியாருங்க. இங்கிலீஷ் வராத பையன் ஒருத்தன வச்சிப் பாத்தாதானே நம்பலாம்? லீவுல பையனுக்கு எங்க போறது?"

ஹாலில் எல்லாரும் தலையாட்டினார்கள். இரண்டு பேர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை.

"நான் இருக்கேன் சார். எனக்கு வராது. ரெண்டு தடவ ஃபெயில்" என்றேன்.

"யார் இவரு?"

"எங்கப்பா சார்" என்றாள் புனிதா. பிறகு என்னிடம், "வாங்கப்பா, முன்னாடி உட்காருங்க" என்றாள். வீட்டில் நைனா, வா, போதான். ஹாலில் எனக்கு மரியாதை கிடைத்தது. அது எவ்வளவு நேரம் நின்றது என்பதைச் சொல்கிறேன்.

தனகோட்டி சாரே பாடம் நடத்தட்டும் என்றாள் புனிதா. அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு சாக்பீஸை எடுத்தார். என் பெயரைக் கேட்டார், சொல்லிவிட்டேன். ஊரைக் கேட்டார், சொல்லிவிட்டேன். நமக்கும் வருகிறதே என்று நிமிர்ந்தேன். அப்புறம் காலையில் என்ன செய்வாய் என்று இங்கிலீஷில் கேட்டார். ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி, கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். மூன்றாம் முறை ஹாலே அதிர்ந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எஸ் சார்" என்றேன்.

"டேய், இன்னா கேக்கறேன், இன்னா சொல்ற? எரும. ஏறி நில்றா பெஞ்சு மேல."

அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது. எனக்கு நாற்பத்தேழு வயது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் வலதுகால் அதற்குள் பெஞ்சு மேல் ஏறிவிட்டது.

தனகோட்டி சார் முகம் வெளுத்துவிட்டது. எல்லாரும் புனிதாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், ஒரு காலில் நின்றபடி. அவள் கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

அவள் நிதானமாகக் கேட்டாள். "அப்பா, இப்ப இங்கிலீஷ் வருதா?"

"இங்கிலீஷா? தமிழே வரலம்மா" என்றேன்.

சிரிப்பு கிளம்பியது. புனிதா அது அடங்கும்வரை இருந்தாள். "சார் நமக்காக நடிச்சிக் காட்டல. நெஜமாவே பாடம் நடத்துனாரு. அதான் எதிர்ல இருக்கறது யாருன்னே மறந்துட்டாரு. அவ்ளோ ஈடுபாடு நம்மள்ல எத்தினி பேருக்கு இருக்கு? ஆனா பயந்த வாய்ல பாஷை வராது. அதையும் சாரே காட்டிட்டாரு."

எவ்வளவு பதவிசாகச் சொன்னாள். இருபத்துநாலு வயதில் எனக்கு டிரம் கதவைக்கூட ஒழுங்காக மூடத் தெரியாது. ஆனால் தனகோட்டி சார் சிரிக்கவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். சாப்பாட்டு மணி அடித்ததும் முதல் ஆளாக வெளியே போனார். அவர் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

நாங்கள் கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தை வேப்பமரத்தடியில் பிரித்தோம். புனிதா நாலு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. "நான் வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம்" என்றேன். "இல்ல நைனா" என்றாளே தவிர, கண் கேட்டிலேயே இருந்தது. இரண்டு மணி ஆயிற்று. ஹாலில் நாங்கள் இருவர்தான். இரண்டு ஐந்து. அவள் கரும்பலகையைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

இரண்டு பத்துக்குக் கேட் பக்கம் பேச்சுச் சத்தம். தனகோட்டி சார் முன்னால் வந்தார், பின்னால் மொத்தக் கூட்டமும். நேராக என்னிடம் வந்தார்.

"சாப்புட்டீங்களா?"

"ஆச்சு சார். நீங்க?"

"எங்க எறங்குது? வேணும்னு சொல்லல, பழக்கம் ஆய்ட்ச்சி. இன்னொரு தபா என்கிட்ட படிக்கிறீங்களா?"

"மறுபடி எருமைன்னுவீங்களா?"

"சத்தியமா இல்ல" என்றார், என் கையைப் பிடித்துக்கொண்டு. பின்னால் ஒரு வாத்தியார், "பிரியாணிய பாதியில வுட்டுட்டு இழுத்துகினு வந்துட்டாரும்மா" என்று புனிதாவிடம் முறையிட்டார்.

மத்தியானப் பாடத்தில் புனிதா ஒரே ஒரு யோசனை சொன்னாள். பாடப் புத்தகத்தை வைத்துவிட்டு அப்பாவின் வேலையைப் பற்றிக் கேட்கட்டும் என்றாள். தனகோட்டி சார் தமிழில் கேட்கக் கேட்க, நான் ஷிஃப்ட், ஓவர்டைம், டிரம், தோலைத் தேய்க்கிற பஃபிங், தரம் பிரிக்கிற கிரேடிங் என்று அடுக்கினேன். சார் அதையெல்லாம் கரும்பலகையில் எழுதிவிட்டு நின்று பார்த்தார். "என் கிளாஸ்ல இருக்கற எழுவது பசங்களுக்கும் இது தெரியும். எல்லா வீட்லயும் ஷாப்புக்குப் போறவங்க இருக்காங்களே" என்றார், தனக்குத் தானே சொல்வது போல. அப்புறம் அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டே பொறுமையாக என்னை இழுத்தார். கடைசியில் நானாகவே ஒன்று சொன்னேன். "டிரம் ஓல்ட். மீ ஆல்சோ ஓல்ட்."

திருத்துவதற்கு நாலைந்து பேர் வாயெடுத்தார்கள். புனிதா கையைக் காட்டி நிறுத்தினாள். தனகோட்டி சார் கை தட்டினார். அப்புறம் ஹால் சந்தைக்கடைதான். என்னைவிட மோசமாகப் பேச முடியாது என்கிற தைரியத்தில் எல்லாரும் பேசினார்கள். நாலரை மணிக்குப் போகச் சொல்லியும் போகவில்லை.

வாணியம்பாடிக்கு நாங்கள் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்விட்டது. ஆம்பூரிலிருந்து பதினேழு கிலோமீட்டர்தானே. வாசலிலேயே புர்கா போட்ட டீச்சர் ஒருவர், "ஐயா, ஆம்பூர்ல 'டேய்' வாங்கினது நீங்கதானே? உள்ளாற வாங்க, இங்க மரியாதை ஜாஸ்தி" என்றார். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். புனிதா அதை மாற்றவில்லை, அந்தந்தப் பக்கத்துக்குள்ளேயே ஜோடி பிரித்தாள். மத்தியானம் ஒரு தலைகூடக் குறையவில்லை. டேப் ரிக்கார்டரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதைச் சும்மாவே தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

கடைசி ஊர் சோளிங்கர். வேலூரிலிருந்து வாலாஜா வழியாகப் போக வேண்டும், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மலைமேல் நரசிம்மரைப் பார்க்க ஆயிரத்துச் சொச்சம் படி. காலையிலேயே ஏறிவிட வேண்டும். கையில் தேங்காய், பழம் எதையும் வெளியே தெரிகிற மாதிரி எடுத்துப் போகாதீர்கள், குரங்குகள் பேஜார் பண்ணும்.

அன்றைக்கு வகுப்புக்கு முன்னால் புனிதா, "நைனா, இன்னைக்கு நீ உள்ள வர வேணாம். வாத்தியாருங்களே தப்பு பண்றோம்னு பேர் குடுத்துட்டாங்க" என்றாள். எனக்கு வேலை போய்விட்டது. வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே முப்பது பேர் ஒரே நேரத்தில் இங்கிலீஷ் பேசுகிற சத்தம்.

பதினொன்றரைக்கு ஜீப்பில் சென்னை அதிகாரி வந்து இறங்கினார். அவர் எழுதுகிற அறிக்கையில்தான் புனிதாவின் வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் இரைச்சலைக் கேட்டு முகம் சுளித்தார். வாசலில் இருந்த என்னை வாத்தியார் என்று நினைத்து, உள்ளே டீச்சர் யாரும் இல்லையா என்று இங்கிலீஷில் கேட்டார். டீச்சர், நோ என்கிற இரண்டும் காதில் விழுந்தன. எழுந்து நின்றேன்.

"டீச்சர் இன்சைட் சார்" என்றேன். "மை டாட்டர்."

அவர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேகமாக ஏதோ நீளமாகச் சொன்னார். அதில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். உள்ளே போனவர் அரைமணி நேரம் இருப்பார் என்று பார்த்தால், சாப்பாட்டு மணி வரை வெளியே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் ஒரு வாத்தியாரோடு ஜோடி சேர்ந்து அவரும் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் புனிதாவின் வேலை நிரந்தரமாயிற்று.

ராணிப்பேட்டை நண்பரே, தாராளமாகக் கூடப் போங்கள். இப்போது பஸ் ஜாஸ்தி, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ரயிலும் இருக்கிறது. வெயில் காலத்தில் தயிர்சாதமும் மோரும் கட்டிக்கொள்ளுங்கள், பிரியாணியை வகுப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பெண் பேசும்போது முன்வரிசையில் உட்காராதீர்கள், அவளுக்குக் கூச்சமாக இருக்கும். மத்தியானம் கூட்டம் வருமா என்று அவள் கேட்டைப் பார்க்கிறபோது, தெரிந்த மாதிரி ஆறுதல் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருந்தால் போதும். எப்படியும் வாசலில் யாராவது, நீங்கள் யார் என்று கேட்பார்கள். எழுந்து நின்று சொல்லுங்கள். எந்த பாஷையில் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.