வீட்டுப் பாத்தி

பங்குனி வெயிலுக்கு உழவர் சந்தையில் வெள்ளரிப்பிஞ்சு குவிந்து கிடந்தது. கடைக்காரர் ஒன்றை எடுத்து என் மகளிடம் நீட்டினார். "கடிச்சுப் பாரு பாப்பா. நம்ம தோட்டத்துக் காயி." அப்போதுதான் எனக்கு அந்தப் பூச்சிமருந்து வாடை அடித்தது.

சமயநல்லூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில், பறிப்புக்கு முந்தின நாள் அப்பா பூச்சிமருந்து அடிப்பார். காய் பளபளவென்று இருந்தால்தான் சந்தையில் விலைபோகும். மருந்தடித்த சட்டையை அம்மா வீட்டுக்குள் சேர்க்கமாட்டாள், வேலியில்தான் கிடக்கும். கிணற்றோரத்துப் பாத்திக்கு மட்டும் மருந்து கிடையாது. அது வீட்டுக்கு. அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கும்.

ஒருநாள் தம்பி, சந்தைக்குக் கட்டிவைத்த மூட்டையிலிருந்து ஒரு பிஞ்சை உருவித் தின்றுவிட்டான். அம்மா ஓடிவந்து அவன் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தாள். "கண்ண மூடாதடா. என்னயப் பாரு, என்னயவே பாரு" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்பா கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்திக்கொண்டு வந்தார்.

தம்பி பிழைத்துக்கொண்டான். மறுநாள் காலையில் அப்பா அதே மூட்டையைச் சைக்கிளில் ஏற்றினார். சாயாமல் அம்மாதான் பிடித்துக்கொண்டாள்.

மகளின் வாயருகே போன பிஞ்சைப் பிடுங்கினேன்.

"என்னம்மா, நல்ல காயிதான" என்றார் கடைக்காரர்.

"உங்க வீட்டுக்கு எந்தப் பாத்திண்ணே?"

அவர் என் கையிலிருந்த பிஞ்சை வாங்கிக் குவியலில் போட்டார். பிறகு முதுகுக்குப் பின்னால் இருந்த மஞ்சப்பைக்குள் கையை விட்டு, வேறொரு பிஞ்சை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.