ஆற்றுக்கு விழுந்த அடி

அறுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி. மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்துவிட்டு, அன்றுதான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆரணி ஆற்று வெள்ளம் முந்தின நாள் மூங்கில் பாலத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது. கரையில் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாட்டுக் கயிற்றால் தண்ணீரை விளாசிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா பண்றீங்க?”

“ஆத்த அடிக்கிறோம் சார். செர்க்சஸ் ராஜா சண்டைக்குப் போவும்போது, அவரு கட்ன பாலத்த கடலு ஒட்ச்சிடுச்சாம். கடலையே சவுக்கால அடிக்கச் சொன்னாராம். புது சார் சொன்னாரு.”

அந்தப் பாரசீக ராஜாவை நான் எத்தனை வருஷமாக நடத்துகிறேன்! ஒரு நாளும் அவன் என் வகுப்பு வாசலைத் தாண்டியதில்லை. வயிறு எரிந்தது.

எனக்குப் பதிலாக வந்த அந்த வாத்தியார் ஒல்லி. கழுத்து மட்டும் நீளம். பாடப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொள்வாராம், திறக்கவே மாட்டாராம். அன்று மாலை தன் ஊருக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நின்றபோதும் அப்படியே இடுக்கியிருந்தார்.

“அந்த ராஜா கடைசில தோத்து ஓடினதையும் சொன்னீங்களா?” என்றேன் வெடுக்கென்று.

“இல்ல சார். அத உங்களுக்குன்னு வச்சிருக்கேன். உங்க பசங்களாச்சே” என்று புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் ராஜா தோற்ற கதையைச் சொன்னேன். முடித்ததும் முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

“அந்த சார் எப்போ சார் வருவாரு?”

சாயங்காலம் ஆற்றங்கரையில் அந்தக் கயிறு கிடந்தது. யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அந்த ஆளை நினைத்து நானும் தண்ணீரில் ஓங்கி ஒன்று போட்டேன்.