எடைக் கொட்டகையில் உங்கள் அத்தை

இன்று ஈப்போவில் ரப்பர் ஒட்டுப்பால் ஏற்றிய லாரி ஒன்று கடந்துபோனது. அந்தப் புளித்த வாடையில் எங்கள் தோட்டத்து எடைக் கொட்டகை நினைவுக்கு வந்துவிட்டது, பிள்ளைகளே. குறைமாதத்தில் பிறந்த உங்கள் அத்தையை, ரப்பரை நிறுத்து முடித்ததும், மாதந்தோறும் என் அம்மா அங்கேதான் சேலைத் தூளியில் தொங்கவிட்டு நிறுப்பார். அப்போது எங்களுக்கு எல்லாமே காத்திக் கணக்கு; ஒரு காத்தி என்பது அறுநூறு கிராம். ஒரு மாதம் ஏழு காத்தி இருந்தாள். அடுத்த மாதம், "அஞ்சு" என்றார் எடை போடும் மாணிக்கம் அண்ணன்.

அம்மாவின் முகம் வெளிறியது. "ஏழு இருந்த புள்ள அஞ்சா? தேய்ஞ்சி போறாளே!"

"இது புதுத் தராசு, கிலோ லா அக்கா!"

"கிலோவாவது கிலுகிலுப்பையாவது! பழசுல போடு!"

அவர் சிரித்தபடி பழைய தராசை மாட்டினார். "எட்டு காத்திக்கு மேலக்கா!"

அம்மா பிள்ளையை அள்ளிக்கொண்டு, கொட்டகையில் நின்ற ஒவ்வொருவரிடமும் "எட்டு, எட்டு" என்று சொல்லிக்கொண்டே போனார்.