சுருளியாண்டி பேரில் இருந்த வெடி லைசென்ஸ்

கோம்பைச் சங்கிலியம்மாளைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. அவள் புருஷன் சுருளியாண்டி தோட்டங்களில் கிணறு வெட்டுகிறவர். பாறை வந்துவிட்டால் வெடி வைத்துத்தான் உடைக்க வேண்டும். அந்த வெடிமருந்தை வாங்க அவர் பேரில் சர்க்கார் லைசென்ஸ் இருந்தது. யார் கேட்டாலும் இரவல் தரமாட்டார். ஏரைக் கேள், வண்டியைக் கேள், இதை மட்டும் கேட்காதே என்பார்.

முப்பத்தேழாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவர்கள் வழக்கப்படி செத்தவரின் தொழில் சாமான்களை முற்றத்தில் பரப்பினார்கள். கடப்பாரை, சம்மட்டி, உளி எல்லாவற்றையும் தம்பி கர்ணன் எடுத்துக்கொண்டான். நியாயம்தான். அண்ணன் வீட்டுக்கு இனி அவன்தான் சோளமும் கம்பும் அளக்க வேண்டும். அத்தோடு விட்டானா?

"மதினி, அந்த லைசென்ஸையும் குடுங்க. அதோட கெடு இன்னும் முடியலை. தேனிக் கடையில தாளைத்தான் பாப்பாக, மூஞ்சியையா பாக்கப் போறாக?"

பங்காளிகள் தலையாட்டினார்கள். கடப்பாரையும் லைசென்ஸும் அவர்களுக்கு ஒன்றுதான். சங்கிலியம்மாளுக்கு அப்படி இல்லை. கர்ணன் கூடை சுமந்தவன், மருந்தைத் தொட்டவன் இல்லை. முந்தின வருஷம் மருந்து வைத்து இன்னும் வெடிக்காத குழியை உடனே எட்டிப் பார்க்கப் போனவனை அண்ணன்தான் முடியைப் பிடித்து இழுத்துப்போட்டார்.

"அது உனக்கு இல்லப்பா," என்றாள்.

"அப்ப எங்க வீட்டுத் தானிய தவசமும் உங்களுக்கு இல்ல," என்றான்.

மறுநாள் காலையில் அவள் உத்தமபாளையம் தாலுகா கச்சேரிக்கு நடந்தாள். புருஷன் போன ஈரம் காயவில்லை, அதற்குள் படி தாண்டிவிட்டாள் என்று தெருவே வாய்க்கு வந்தபடி பேசியது. கச்சேரியில் லைசென்ஸை நீட்டினாள்.

"ஒப்படைச்சா திரும்பக் கிடைக்காதும்மா," என்றார் குமாஸ்தா.

"ஆளு செத்துட்டாக. அடிச்சுருங்க."

அவர் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார்.

கர்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அவன் வீட்டிலிருந்து ஒரு மணி தானியம் வரவில்லை. அவள் களையெடுக்கக் கூலிக்குப் போனாள். அவன் வேறு ஆட்களின் கிணறுகளில் பழையபடி கூடை சுமந்தான். மதினியை எதிரே கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வருஷக்கணக்கில் இதே கதை. எனக்கே எரிச்சலாக வந்தது.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "அந்தத் தாளைக் குடுத்துத் தொலைச்சிருந்தா என்ன? கொழுந்தன் பேசக்கூட மாட்டேங்கிறானே."

களையெடுப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "பேசாட்டிப் போறான். தெருவுல கை காலோட நடந்து போறான்ல."