மூன்றாவது நகர்வில் இருமல்

ஒரு தேயிலைப் பெட்டியின் மூடி. அதன் மேல் அடுப்புக்கரியால் இருபத்துநான்கு வட்டங்கள். முதல் வட்டம் மட்டும் கோணல்; அது மேஸ்திரி போட்டது. மற்றவற்றை ஒரு தகர டப்பாவின் வாயை வைத்து நான் வரைந்தேன். வட்டங்களை இணைக்கும் கோடுகளும் என்னுடையவை.

வாணியம்பாடியில் பிளேக் பரவியபோது, எங்கள் தோல் தொழிற்சாலையிலிருந்து, கணக்கு எழுதும் என்னையும் மேஸ்திரியையும் சேர்த்து, பதினொரு பேரைப் பாலாற்று மணலை ஒட்டிய முகாமில் அடைத்தார்கள். பத்து நாள் காய்ச்சல் இல்லாமலிருந்தால் விடுதலை. கொட்டகையில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டாலும், ஒருவர் ஓடப் பார்த்தாலும், மற்ற அத்தனை பேருக்கும் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். எங்களுக்கு இரண்டு முறை அப்படித் தொடங்கிவிட்டது. மேஸ்திரியின் மனைவி ஆம்பூரில் நிறைமாதமாக இருந்தார். "முதல் ரெண்டு கொழந்தையும் என் கையிலதான் போச்சு ரைட்டர். இதுக்கும் நான் பக்கத்துல இருக்கணும்" என்றார் மேஸ்திரி ஒருநாள், என் முகத்தைப் பார்க்காமல்.

விளையாட்டு அவர் யோசனை. அவர் ஒளிந்து நகர்பவர். போய்ச் சேரும் வட்டத்தின் எண்ணைத் துண்டுத்தாளில் எழுதித் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார். நான் மூன்று கூழாங்கற்களைக் காவலர்களாக நகர்த்தி அவரைத் தேடுவேன். பிடிபடாமல் இருபத்துநான்காம் வட்டத்துக்குப் போய்விட்டால் அவருக்கு ஜெயம். முதல் நாள் ஆட்டம் சப்பென்று போனது. கண்ணில் படாதவரைப் பிடிக்க வழியே இல்லை. பக்கத்துப் பாயில் படுத்திருந்த, தொழிற்சாலைச் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்பவர்தான் சிரித்தார். "மேஸ்திரி இருமினா ஆம்பூருக்கே கேக்கும். இவரு ஒளிஞ்சி இன்னா பண்றது?"

அதையே விதியாக்கினோம். ஒவ்வொரு மூன்றாவது நகர்விலும் அவர் இருமிவிட்டு, நிற்கும் வட்டத்தைக் காட்ட வேண்டும். உடனே ஆட்டம் என் பக்கம் சாய்ந்தது. காவலருக்கு ஒரு வட்டம், அவருக்கு இரண்டு என்று மாற்றினேன். அதன்பிறகு கொட்டகையே எங்களைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தது.

நான்காம் நாள் எனக்குப் புரிந்தது: அவர் சொன்ன இடங்களில் நான் வரைந்தது எங்கள் முகாமின் படம். ஏழாம் வட்டம் கிணறு. பன்னிரண்டு சமையல் கொட்டகை. இருபத்துநான்கு, வேலியில் முள் விலகியிருந்த இடம். "கிணத்தாண்ட நிக்கிறவன் எம்மா நேரம் நிப்பான்?" என்று அவர் கேட்டது விளையாட்டுக்காக அல்ல.

ஆனால் இருமல் விதி வந்தபின் அவர் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. காரணத்தை நான் கண்டுபிடித்திருந்தேன். ஆவாரம்பட்டைச் சாறு நிரப்பிய குழிகளில் தோலை இலேசான சாற்றிலிருந்து கெட்டியான சாற்றுக்குத்தான் மாற்றிக்கொண்டே போவார்கள். முந்தின குழிக்குத் திருப்பிப் போட்ட ஆளை மேஸ்திரி அடிக்கக்கூடப் போயிருக்கிறார். இருபது வருஷம் அப்படி வேலை செய்தவர், விட்டு வந்த வட்டத்துக்கு ஒருபோதும் திரும்பமாட்டார். அவர் இருமியதும் கற்களை அவருக்கு முன்னால் வைத்தால் போதும். நான் சொல்லவில்லை. சொன்னால் ஜெயிப்பார், ஜெயித்தால் போய்விடுவார், போனால் எனக்கு மறுபடியும் முதல் நாள்.

எட்டாம் நாள் மதியம், கஞ்சி ஊற்றும் நேரத்தில் அவர் கிளம்பினார். தட்டோடு வரிசையில் நின்றபடி நான் பார்த்தேன். கிணற்றைத் தாண்டியதும் வேலிப் பக்கமிருந்து இரண்டு காவலர்கள் வந்தார்கள். அவரை இன்னும் கவனிக்கவில்லை. பின்னால் சமையல் கொட்டகைப் பக்கம் காவல் இல்லை. திரும்பி வந்து எங்களோடு நின்றிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் முன்னேதான் நடந்தார். முள்வேலிக்குப் பத்தடி முன்னால் பிடித்தார்கள்.

அன்றே எங்களுக்கு எண்ணிக்கை ஒன்று. சில நாள் கழித்து, பெண் குழந்தை பிறந்ததையும், மூன்றாம் நாள் அது போய்விட்டதையும் அவருடைய மச்சான் வேலிக்கு அப்பால் நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மேஸ்திரி என் பாயில் வந்து உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கணும் ரைட்டர். எல்லா ஆட்டத்துலயும் எப்படி என்னைப் புடிச்சீங்க? இருமலால மட்டும் இல்லே."

"அதிர்ஷ்டந்தான் மேஸ்திரி."

அவர் தன் கையைப் பார்த்தார். "அப்போ நசீபுதான். நான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சினு இருந்தேன்."

இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு. நினைத்த ரயிலில் நினைத்த ஊருக்குப் போகிறேன், யாரும் தடுப்பதில்லை. எதையும் விடாமல் எழுதுகிறவன் என்று எனக்குப் பெயர். சென்ற வாரம், மேஸ்திரி பிடிபட்ட நாளின் குறிப்பைத் தேடி எடுத்தேன். மை மங்கவில்லை, எழுத்து ஒரே அளவாக இருக்கிறது. "வெயில் கடுமை. கஞ்சி புளித்திருந்தது. கொட்டகையில் அனைவரும் நலம்."